கயிறு கட்டியும் நிற்காத நோய்

1900 மார்ச் மாதம், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சீனர்கள் வாழ்ந்த சைனாடவுன் பகுதியில் ஒரு சீனர் பிளேக் நோயால் இறந்துகிடந்தார். உடனே அதிகாரிகள் அந்தப் பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். வெள்ளையர்களை வெளியே போகவிட்டு, சீனர்களை உள்ளே அடைத்தார்கள். சில நாட்களில் விலக்கப்பட்ட அந்த அடைப்பு, மே மாத இறுதியில் மறுபடியும் வந்தது. இம்முறை எல்லைக்கோடு, அங்கிருந்த வெள்ளையர்களின் கட்டடங்களை மட்டும் கவனமாக ஒதுக்கிவிட்டு வளைந்து வளைந்து சென்றது.

ஜூ ஹோ என்ற மளிகைக்கடைக்காரர் நீதிமன்றம் போனார். பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லாத தடை சீனருக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு அதிகாரிகளிடம் பதில் இல்லை. ஜூன் மாதத்தில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த அடைப்பைச் செல்லாது என்று அறிவித்தது.

1906-இல் பூகம்பம் நகரைச் சிதைத்தது. அடுத்த ஆண்டே பிளேக் திரும்பி வந்தது. இம்முறை நோயில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அப்போதுதான் நகரம் முழுமூச்சாக, நோயைப் பரப்பும் எலிகளை ஒழிக்க இறங்கியது, குப்பையை அகற்றியது, எலி புகாதபடி கட்டடங்களைத் திருத்தியது. நோய் அடங்கியது.

நோய் பரவும்போது, வேற்றூரிலிருந்து பிழைக்க வந்தவரை நோக்கி விரல் நீட்டுவது எளிது. அப்படி விரல் நீட்டும் நேரத்தில் உண்மையான காரணம் நம் கண்ணிலிருந்து தப்பிவிடுகிறது. பழிக்கப்பட்டவர் நோயை மறைக்கிறார். மருத்துவரிடம் வர அஞ்சுகிறார். அந்த அச்சம் ஊர் முழுவதற்கும் ஆபத்து. அடுத்த நோய்க்காலத்தில், வந்தவரை விரட்டாதீர்கள். அவருக்கும் முதலில் மருந்து கிடைக்கச் செய்யுங்கள்.