அவர்களுக்கும் ஒரு தெனாரியம்



நம் பங்குத் திருவிழாவின் ஏழாம் நாள் மாலை கயிறு இழுக்கும் போட்டி நடந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் அந்தோணியார் அன்பியம் என்ற குடும்பக் குழு, எதிர்ப்பக்கம் சூசையப்பர் அன்பியம். மூன்றாவது இழுப்பில் கால் கோட்டைத் தாண்டிற்றா இல்லையா என்று தகராறு. நடுவராக இருந்த தம்பி விசிலை என் கையில் திணித்துவிட்டுப் போயே போய்விட்டார். அப்போது ஒரு பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "கப்பு எங்களுக்குக் கெடைக்காட்டியும் பரவாயில்ல சாமி. ஆனா அவங்களுக்குப் போயிரக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நல்ல மனிதர், நாள் தவறாமல் திருப்பலிக்கு வருகிறவர். அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன்.

அந்த "அவங்க" யார்? இரண்டு அன்பியங்களையும் பிரித்தது நான்தான். குடும்பங்கள் பெருகிவிட்டன என்று தெருப் படத்தை மேசையில் விரித்து, தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று எனப் பென்சிலால் கோடு போட்டேன். அதில் அண்ணன் வீடு இந்தப் பக்கமும் தம்பி வீடு அந்தப் பக்கமும் போயின. அதற்குள், அவர்கள் செபமாலையை அவசரமாக முடித்துவிடுகிறார்கள், இவர்களுக்குப் பாட்டில் சுருதி சேராது என்றெல்லாம் பேச்சு வந்துவிட்டது. பென்சில் கோட்டுக்கே இந்தப் பாடு என்றால், பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து ஆழமாகக் கீறி வைத்திருக்கிற கோடுகளைப் பற்றி என்ன சொல்ல?

இப்படிப்பட்ட கோடுகளை ஆராய்ந்த ஹென்றி தாஜ்ஃபெல் என்ற அறிஞரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். 1919இல் போலந்து நாட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்சுக்குப் படிக்கப் போனார். போர் வந்ததும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, 1940இல் ஜெர்மானியரிடம் கைதியானார். யூதர் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் பிரெஞ்சு நாட்டு யூதர் என்று சொல்லிக்கொண்டார். போலந்து யூதர் என்று தெரிந்திருந்தால் அவர் உயிரோடு மிஞ்சியிருக்க மாட்டார். காவலாளி ஒருவருக்கு அவரைத் தனிப்பட்ட முறையில் எவ்வளவு பிடித்திருந்தாலும் அது அவரைக் காப்பாற்றியிருக்காது. பெயர் எந்தப் பட்டியலில் எழுதப்பட்டது என்பதே சாவையும் வாழ்வையும் தீர்மானித்தது. போர் முடிந்து வந்து பார்த்தால், குடும்பத்தில் ஏறக்குறைய யாருமே மிஞ்சவில்லை.

பின்னாளில் அவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பேராசிரியரானார். மனிதன் மனிதனைக் கூட்டம் பார்த்து ஒதுக்குவதற்குக் குறைந்தபட்சம் என்ன தேவை? பழைய பகையா, சொத்துத் தகராறா, ரத்தமா? இதைத் தெரிந்துகொள்ள விரும்பினார். 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களை அழைத்து, க்ளீ, கண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யார் ஓவியம் பிடிக்கிறது என்று கேட்டார். நீ க்ளீ குழு, நீ கண்டின்ஸ்கி குழு என்று பிரித்துச் சொன்னார். உண்மையில் மாணவர்களின் ரசனைக்கும் அந்தப் பிரிவுக்கும் சம்பந்தமே இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டது போலத்தான். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட ஒருவனுக்கும் தெரியாது. பிறகு, பெயர் தெரியாத இரண்டு பேருக்குப் புள்ளிகளைப் பங்கிடச் சொன்னார். புள்ளி பின்னால் காசாகும். பங்கிடுகிறவனுக்குத் தன் பங்கீட்டால் ஒரு காசும் வராது.

ஒரு தாளில் இப்படி இருந்தது: ஒரு ஓரத்தில் தன் குழுக்காரனுக்கு 19, மற்றவனுக்கு 25. நடுவில் இருவருக்கும் 13. மறு ஓரத்தில் தன் குழுக்காரனுக்கு 7, மற்றவனுக்கு 1. பிள்ளைகள் ஒரேயடியாகக் கடைசி ஓரத்துக்கு ஓடிவிடவில்லை. நியாய உணர்வும் அவர்களைப் பிடித்து இழுத்தது. ஆனாலும் அவர்களுடைய மனம் அந்தப் பக்கமே சாய்ந்தது. நம்மவனுக்கு 19 கிடைக்கக்கூடிய இடத்தை விட்டுவிட்டு, குறைந்தாலும் சரி, அவனைவிட ஒரு புள்ளியாவது கூட இருக்கட்டும் என்று பார்த்தார்கள். 1970, 1971ஆம் ஆண்டுகளில் தாஜ்ஃபெல் இதை எழுதி வெளியிட்டார். அந்தப் பிள்ளைகள் கொடியவர்களா? இல்லை. அவர்கள் நடுவே பகையா? அதுவும் இல்லை. ஒரு பெயர் போதுமாயிருந்தது.

இப்போது இன்றைய நற்செய்திக்கு, திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமைக்கு, வருவோம். விடியற்காலையில் வந்தவர்கள் நாள் கூலியாக ஒரு தெனாரியத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். பிறகு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி. கடைசியாக, பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது சிலர். கூலி கொடுக்கும் வேளையில் கடைசி ஆட்களுக்கு ஒரு தெனாரியம். முதலில் வந்தவர்களுக்கும் ஒரு தெனாரியம். முணுமுணுப்பு கிளம்புகிறது.

அவர்களுக்கு ஏதாவது குறைந்ததா? பேசிய கூலி பைசா குறையாமல் கைக்கு வந்துவிட்டது. தோட்ட உரிமையாளரிடம் அவர்கள் சொன்ன குறையைக் கவனியுங்கள்: இவர்களை எங்களுக்குச் சமமாக ஆக்கிவிட்டீரே! அவர்களைச் சுட்டது தங்கள் பங்கு குறைந்தது அல்ல, அடுத்தவன் கையிலும் அதே நாணயம் இருந்ததுதான். பிரிஸ்டல் மாணவர்களின் தாளில் இருந்த அதே எண்கணக்கை ஆண்டவர் பாலஸ்தீனத்தின் ஒரு தோட்டத்து வாசலிலே நமக்குக் காட்டிவிட்டார்.

அன்பானவர்களே, நாம் எந்த இடத்தில் முணுமுணுக்கிறோம்? வழிபாட்டுக் குழுவில் அந்தத் தெருப் பெண் வாசகம் வாசிக்கும்போதா? தேர்ப்பவனி இதுவரை போகாத தெருவுக்குள் திரும்பலாம் என்று பங்குப் பேரவையில் பேச்சு எழும்போதா? நம் வீட்டுப் பிள்ளை குடித்துவிட்டு விழுந்தால், "பாவம், கூடாத சேர்க்கை" என்கிறோம். அந்தப் பக்கத்துப் பிள்ளை விழுந்தால், "அவங்க புத்தியே அப்படித்தான்" என்கிறோம். அவர்களில் ஒருவர் நன்றாக நடந்துகொண்டால், "இவர் மட்டும் விதிவிலக்கு" என்று சொல்லி அந்த நன்மையையும் ஓரங்கட்டிவிடுகிறோம். தாமஸ் பெட்டிக்ரூ என்ற அமெரிக்க அறிஞர் 1979இல் இந்த வழக்கத்துக்கு ஒரு பெயர் சூட்டி எழுதினார். நம் ஊர்த் திண்ணைக்கு அது அதற்கு முன்பே தெரியும்.

தமிழகத் திருச்சபையின் கதையிலும் ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. புனித தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்றது வடக்கன்குளத்தில். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியவர் அவர். அதே வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில், பீடம் ஒன்றாகவும் மக்கள் நிற்கும் பகுதி இரண்டாகவும் கட்டப்பட்டது. ஒரு சாதியாருக்கு ஒரு பகுதி, மற்றவர்களுக்கு இன்னொரு பகுதி, நடுவே சுவர். எந்தச் சாதி எந்தப் பக்கம் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் மீதி மறையுரையைக் கேட்க மாட்டீர்கள். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ஒரே அப்பத்தை உண்ண வந்தவர்கள், தனியாக நின்று உண்ணும் உரிமையைக் கேட்டு நீதிமன்றப் படியேறினார்கள். சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் இறந்தவர்களைப் பிரிக்கும் சுவர் இன்றும் நிற்கிறது.

இதைக் கேட்டு யாரும் மனம் உடைந்துபோக வேண்டாம். தன் சனத்தின் மேல் பாசம் வைப்பது பாவமல்ல. நான் யார் என்ற கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில் பெரும்பங்கு, நான் யாரைச் சேர்ந்தவன் என்பதுதான்; தாஜ்ஃபெல் சொன்னதும் அதுவே. ஆண்டவருக்கும் ஊர் இருந்தது, பேச்சுவழக்கு இருந்தது. அவருடைய சீடர் பேதுருவைப் பேச்சை வைத்தே கலிலேயர் என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பாசம் எப்போது நோயாகிறது? அடுத்தவன் தாழ்ந்தால்தான் நான் உயர்வேன் என்று நினைக்கும்போது.

சரி, கலந்து பழகினால் போதுமா? அதுவும் அவ்வளவு எளிதல்ல. முசாஃபர் ஷெரிஃப் என்பவர் துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். 1954 கோடையில் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில் 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்துப் போனார். எல்லாரும் பதினோரு வயதை ஒட்டியவர்கள், ஒரே மாதிரி நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டு குழுவாகப் பிரித்துத் தனித்தனியே தங்கவைத்தார். ஒன்று ஈகிள்ஸ், மற்றது ராட்லர்ஸ். பிறகு போட்டிகள் வைத்தார். கயிறு இழுப்பதும் அதில் உண்டு. சில நாட்களிலேயே ஒருவர் கொடியை மற்றவர் எரித்தார்கள், குடிலுக்குள் புகுந்து சூறையாடினார்கள். (பிள்ளைகளை இப்படிச் சோதித்தது சரிதானா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டியதுதான்.) இரு குழுவையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். பிள்ளைகள் சாப்பாட்டை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள்.

பிறகு முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றது. சரிசெய்ய எல்லாரும் சேர்ந்து தேட வேண்டியிருந்தது. உணவு கொண்டுவரும் லாரி கிளம்பவில்லை. அன்று பகையை வளர்த்த அந்தக் கயிற்றையே எடுத்துவந்து லாரியில் கட்டி இரண்டு குழுவும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படிப் பல வேலைகளுக்குப் பிறகு, ஊர் திரும்பும்போது ஒரே பேருந்தில் போகிறோம் என்று அவர்களே கேட்டார்கள். வழியில் ஓரிடத்தில் வண்டி நின்றது. ராட்லர்ஸ் பிள்ளைகளிடம் போட்டியில் வென்ற ஐந்து டாலர் இருந்தது. அதில் எல்லாருக்கும், எதிரணிக்கும் சேர்த்து, பால்பானம் வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு அந்த ஆய்வு முழுவதிலும் மிகப் பிடித்த இடம் அதுதான். வென்ற காசை வைத்துக்கொண்டே தோற்றவனைச் சமமாக்கினார்களே! தோட்ட உரிமையாளரின் மனம் கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளைகளிடம் வந்து தங்கியது.

அவருடைய மனத்தைத்தான் இன்று நாம் பார்க்க வேண்டும். நம் நாற்சந்தியில் விடியற்காலையில் கொத்தனாரும் சித்தாளும் வேலைக்காகக் காத்து நிற்பார்கள். வாட்டசாட்டமானவர்களை முதலில் கூட்டிப்போவார்கள். வயதானவர், மெலிந்தவர், ஊருக்குப் பிடிக்காத பெயர் கொண்டவர் ஆகியோர் நின்றுகொண்டே இருப்பார்கள். உவமையில் வரும் கடைசி ஆட்களும், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்றுதான் சொன்னார்கள். பொழுது சாயப்போகும் வேளையிலும் அவர்களைத் தேடி ஒருவர் தெருவுக்கு வந்தார்.

சகோதரர்களே, சகோதரிகளே, நாம் அந்தக் கடைசி ஆட்கள். ஆபிரகாமோடு விடியலில் தோட்டத்துக்குள் போனவர் நம் பாட்டன்மாரில் ஒருவரும் இல்லை. செசரியா நகரில் பிற இனத்தவரான கொர்னேலியு வீட்டுக்குள் போகலாமா என்று பேதுருவே தயங்கினார். போய்வந்த பிறகு எருசலேமில் அவரை விசாரித்தார்கள். அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு பந்தியில் உட்கார்ந்தவர், தம் ஆட்கள் வந்ததும் எழுந்து விலகினார். பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். அந்தப் பிற இனத்தார் நாம். நமக்கு இலை போடலாமா என்பதே அன்று வாதம். போடலாம் என்று ஆவியானவர் தீர்த்துவைத்ததால்தான் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறோம். அப்படி இரக்கத்தால் இலை கிடைத்த நாம், பக்கத்து இலையைப் பார்த்து எப்படி முகம் சுளிப்பது?

முணுமுணுத்தவருக்கும் இதில் ஆறுதல் உண்டு. உரிமையாளர் அவரைத் தோழராகவே பாவித்துப் பேசினார். கொடுத்த தெனாரியத்தைத் திரும்பப் பிடுங்கவில்லை. நாளை வராதே என்றும் சொல்லவில்லை. நம் இதயத்திலும் கோடு இருக்கிறது என்று கடவுளுக்குத் தெரியும். தெரிந்துதான் நம்மை இந்தப் பீடத்தண்டை கூப்பிட்டிருக்கிறார். இன்றைக்கு நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது, உங்களுக்கு முன்னால் நிற்பவர் கைக்கும் அதே ஆண்டவர்தான் வரப்போகிறார். அதற்காக ஒருமுறை நன்றி சொல்லுங்கள். மனம் ஒப்பாவிட்டாலும் சொல்லுங்கள். ஒப்பும் மனத்தை அவர் தருவார்.

ஒரு வேலையும் இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நம் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம். நம் தோட்டத்தில் சுவர் இல்லை. ஆனால் நடைபாதைக்கு அந்தப் பக்கம் யார், இந்தப் பக்கம் யார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் இந்த ஆண்டு சீட்டுக் குலுக்கப்போகிறோம். எந்தக் குடும்பத்தின் பெயர் உங்கள் கைக்கு வருகிறதோ, அவர்களுடைய கல்லறையில் புல் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடிக்க வேண்டும். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். கஞ்சி ஒரே பானையில்தான், துவையல் மட்டும் வீட்டுக்கு வீடு வேறாக வரட்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் திருப்பலி முடிந்ததும் உபதேசியாரைப் பாருங்கள். இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.