வெளியேற்றும் அதிகாரமும் ஓர் அமானத்தே



போடிநாயக்கனூருக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள பொட்டிபுரம் பக்கம், அண்மையில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்காகச் சென்றிருந்தோம். பஜ்ருத் தொழுகையை முடித்து வெளியே வந்தபோது, ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் தூக்குச்சட்டியும் கையுமாக ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று பகலெல்லாம் அடுத்த மாநிலத்தில் உழைத்துவிட்டுப் பொழுது சாயும் வேளையில் ஊர் திரும்புகிறார்கள். நீ யார், உனக்கு இங்கே என்ன உரிமை என்று அவர்களை எவரும் கேட்பதில்லை.

எங்களோடு திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் அந்த ஜீப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நாங்களும் இப்படி மலையேறிப் பிழைச்சவங்கதான் அஜரத். அட்டன் பக்கம் ஒரு தோட்டத்துக் கடைவீதியிலே எங்க அத்தா சின்னக் கடை வச்சிருந்தாங்க. நான் பொறந்தது அங்கேதான். எனக்குப் பதினேழு வயசிலே, நீங்க இந்த நாட்டுக்காரங்க இல்லேன்னு சொல்லிக் கப்பல் ஏத்தி விட்டாங்க. பொறந்த மண்ணிலேருந்து ஒருத்தனை வெளியே போன்னு சொல்ல அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டா? நம்ம மார்க்கம் என்ன சொல்லுது?"

அவருக்கு அன்று சுருக்கமாகவே பதில் சொல்ல முடிந்தது. அந்தக் கேள்வியை இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

அதிகாரம் உண்டு, எல்லையும் உண்டு

ஒரு நாட்டை ஆள்வோருக்கு, யார் உள்ளே வரலாம், யார் எவ்வளவு காலம் தங்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் உண்டு. இதை ஷரீஅத் மறுக்கவில்லை. அந்நிய நாட்டிலிருந்து வருகிறவர் 'அமான்' என்னும் பாதுகாப்பு வாக்குறுதியைப் பெற்றே உள்ளே நுழைய வேண்டும் என்று நம் ஃபகீஹ்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வாசல் இல்லாத வீடு வீடாகாது.

ஆனால் அதிகாரம் என்பது ஆள்வோரின் சொந்தச் சொத்தன்று. அது அமானத்து. அதைக் குறித்து மறுமையில் விசாரணை உண்டு. இஸ்ரவேலர்களிடம் அல்லாஹ் வாங்கிய உறுதிமொழியைத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 84ஆம் வசனம் நினைவூட்டுகிறது. தம்மவரின் இரத்தத்தைச் சிந்தக்கூடாது என்பதற்கு அடுத்தபடியாகவே, தம்மவரை வீடுகளைவிட்டு வெளியேற்றக்கூடாது என்பதும் அங்கே சொல்லப்படுகிறது. கொலைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசப்படும் குற்றம் எத்தகையதாக இருக்கும் என்று சிந்தியுங்கள்! உயிருக்கு உயிராய் நேசித்த மக்காவை விட்டுச் செல்லும்படி நெருக்கப்பட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இந்த வேதனையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

நஜாஷி மன்னரின் நீதி

மக்கத்துக் குறைஷிகளின் கொடுமை தாங்காமல் ஸஹாபாக்கள் ஹபஷா நாட்டில் தஞ்சம் புகுந்தனர். அவர்களைத் திருப்பி ஒப்படைக்கும்படி குறைஷிகள் விலையுயர்ந்த அன்பளிப்புகளோடு தூதர்களை அனுப்பினர். ஒப்படைத்துவிடலாம் என்றே அரசவையில் இருந்தோரும் சொன்னார்கள். ஆனால் நஜாஷி மன்னர், தம் நாட்டை நம்பி வந்தவர்களின் பேச்சைக் கேட்காமல் ஒப்படைக்க மாட்டேன் என்றார். ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் எழுந்து தம் மக்களின் நிலையை எடுத்துரைத்தார்கள். மன்னர் அதைக் கேட்டபின் அன்பளிப்புகளைத் திருப்பியனுப்பினார், அகதிகளைத் திருப்பியனுப்பவில்லை.

அன்று நஜாஷியிடம் வெளியேற்றும் அதிகாரம் முழுமையாக இருந்தது. ஆயினும் எதிர்த்தரப்பைக் கேட்காமல் அதைப் பயன்படுத்த அவர் மறுத்தார். முதல் நிபந்தனை இதுதான்: விசாரிக்காமல் வெளியேற்றாதே.

இரண்டாவது நிபந்தனையை ஒன்பதாம் அத்தியாயம் ஆறாம் வசனத்தில் காண்கிறோம். போர்க்கால நிலையிலும், இணைவைப்போரில் ஒருவர் பாதுகாப்புத் தேடி வந்தால் அடைக்கலம் கொடுக்க வேண்டும். இறைவாக்கைக் கேட்டபின் அவருக்கு எது பாதுகாப்பான இடமோ அங்கே அவரைக் கொண்டு சேர்க்க வேண்டும் என்று அவ்வசனம் கட்டளையிடுகின்றது. வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டால் கடமை தீர்ந்தது என்று சொல்ல இங்கே இடமில்லை. அவர் போய்ச் சேரும் இடத்தில் உயிருக்கு அபயம் உண்டா என்று பார்ப்பதும் அனுப்புகிறவரின் பொறுப்பாகும்.

எவ்வளவு காலத்துக்கு ஒருவர் அந்நியர்?

மூன்றாவது விஷயமே பெரியவரின் கேள்விக்கு நேரான பதில். ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலாகிய ஹிதாயாவை மதரஸாக்களில் ஓதியவர்கள் இந்தச் சட்டத்தை அறிவார்கள். அமான் பெற்று வந்த அந்நியரிடம், ஓர் ஆண்டு முழுவதும் இங்கே தங்கினால் உம்மீது தலைவரி விதிப்போம் என்று ஆட்சியாளர் அறிவித்துவிட வேண்டும். அதன் பின்னும் அவர் தங்கிவிட்டால் வரி செலுத்தும் நாட்டுக்குடியாக ஆகிவிடுகிறார். அதற்குப் பிறகு அவர் வந்து போகும் விருந்தாளி அல்லர். அவரது உயிருக்கும் உடைமைக்கும் அந்த நாடே பொறுப்பாளி.

அது அக்கால அரசமைப்பை ஒட்டிய சட்டம். அந்த வரியையும் அந்த ஏற்பாட்டையும் இன்று அப்படியே கொண்டுவர வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதன் உட்கருத்தையே கவனிக்கச் சொல்கிறோம். ஒருவர் ஒரு நாட்டில் தங்கி, அதன் சுமையில் தம் பங்கையும் சுமந்தால், காலம் அவரை அந்நியர் என்ற நிலையிலிருந்து மாற்றிவிடுகிறது. அதற்கு நம் முன்னோர் வைத்த கெடு ஓர் ஆண்டு!

மலையகத்தாருக்கு நேர்ந்தது

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இலங்கை மலையகத்தைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஏழை மக்கள் அங்கே காடு வெட்டிக் காப்பியும் தேயிலையும் வளர்த்தார்கள். அந்த நாட்டின் கருவூலமே அவர்களது உழைப்பால் நிறைந்தது. ஆயினும் சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மட்டுமே.

பிறகு 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 மனிதர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் பாதிக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மூட்டைகளைப் பங்கிடுவோர் மூட்டைகளின் சம்மதத்தைக் கேட்பார்களா? இங்கும் அப்படித்தான் நடந்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் மற்ற ஊர்களிலும் அவர்கள் சிதறிப்போனார்கள். அங்கேயே தங்கிவிட்ட நாடற்றோரில் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது.

நமது நாட்டில்

இலங்கையை மட்டும் குறை சொல்லி நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. வெளிநாட்டவரை வெளியேற்றும் மத்திய அரசின் அதிகாரம் வரையறையற்றது என்று 1955ஆம் ஆண்டில் ஹான்ஸ் முல்லர் வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1937 முதல் இங்கேயே வாழ்ந்துவந்த ஒரு பெல்ஜியக் கிறித்தவ ஊழியரின் வழக்கில் 1991ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான பாதுகாப்பு அந்நியருக்கும் உண்டு, ஆனால் நிலையாகக் குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கே என்பது அதன் சாரம். 1996ஆம் ஆண்டில், அருணாசலப் பிரதேசத்தில் வாழ்ந்த சக்மா மக்களைக் கூட்டம் சேர்ந்து துரத்த முயன்றபோது, குடிமகனாயினும் அல்லனாயினும் ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று அதே நீதிமன்றம் அரண் கட்டிற்று.

இப்போது பழைய 1946ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு, வெளிநாட்டினர் குறித்த புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. தாம் வெளிநாட்டவர் அல்லர் என்று நிரூபிக்கும் சுமை பழைய சட்டத்தைப் போலவே இதிலும் சம்பந்தப்பட்டவர் தலையிலேயே இருக்கிறது. 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமைக்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள் என்று ஓர் ஆணை விலக்களித்துள்ளது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் தண்டனையிலிருந்து விலக்கு வேறு; குடியுரிமை வேறு. 1987 ஜூலை 1க்குப் பின் முகாமில் பிறந்த குழந்தை, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாலன்றி, இந்த மண்ணில் பிறந்தும் இந்நாட்டுக் குடியாவதில்லை.

தண்டனை அனுபவித்து முடித்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், இந்த நாடு எல்லோருக்கும் இடம் கொடுக்கும் தர்மசாலை அல்ல என்ற கருத்து 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. தர்மசாலை அல்ல என்பது உண்மைதான். ஆனால் தர்மசாலையில் யாரும் நாற்பது ஆண்டுகள் தங்குவதில்லை. அங்கே பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டு, கப்ரும் சுடுகாடும் தேடுவதில்லை. 1983க்குப் பின் வந்து அப்படி வாழ்ந்துவிட்டவர்களை இன்னும் வழிப்போக்கர் என்று சொல்வது சரியா என்பதே நம் கேள்வி.

நம் கையில் உள்ள வாசல்

சகோதரர்களே! அரசாங்கங்களைப் பற்றிப் பேசுவது எளிது. துரத்தப்பட்டவன் இன்னொருவனைத் துரத்தமாட்டான் என்று நினைப்பதும் எளிது. உரிமைக்காகப் போராடுகிறோம் என்று ஆயுதம் ஏந்திய விடுதலைப் புலிகள்தாம் 1990 அக்டோபரில் இலங்கையின் வடபுலத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். இந்தப் போடி மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்த 2011 டிசம்பரில், ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அஞ்சி நடுங்கிக் காட்டு வழியாக இறங்கி வந்ததை இந்த அடிவாரத்து மக்கள் கண்ணால் கண்டார்கள். எல்லைக்கோடு போட அரசாங்கம்தான் வேண்டும் என்பதில்லை. மனிதனின் கோபமே போதும்.

அந்தப் பெரியவர் விடைபெறும்போது இன்னொன்றும் சொன்னார்:

"கப்பலேத்தினவங்களை நான் மன்னிச்சிட்டேன் அஜரத். இங்கே வந்து குடியேறின மஹல்லாவிலே இருபது வருசம் தவறாம சந்தா கட்டினேன். தலைக்கட்டுப் புத்தகத்திலே பேரு ஏறலே. வெளியூர்க்காரன்னாங்க. இன்னிக்கும் தெருவிலே எம்பேரு சிலோன்காரர்தான்."

எந்த மஹல்லா என்று நாம் கேட்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டுத் தலை குனிந்தோம். ஓர் ஆண்டுத் தலைவரி ஓர் அந்நியரை நாட்டுக்குடியாக்கிவிடும் என்று எழுதிய ஃபிக்ஹை நாம் ஓதுகிறோம். கலிமாச் சொன்ன சகோதரரின் இருபது ஆண்டுச் சந்தா அவரை ஒரு தெருவுக்குள் சேர்க்கவில்லை!

ஆகவே நம் ஜமாஅத்துகள் இதில் கவனம் செலுத்த வேண்டும். வெளியூரிலிருந்து வந்து குடியிருப்போரைத் தலைக்கட்டில் சேர்க்க ஒரு கெடு வையுங்கள். அந்தக் கெடு தீர்ந்ததும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிக்காஹ் தஃப்தரையும் மைய்யித்துப் பதிவையும் பிழையின்றி எழுதிப் பாதுகாத்து வாருங்கள். நாளை ஓர் ஏழை தான் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தால் அந்த ஒரு வரி அவருக்குத் துணை நிற்கும். அதே சமயம், இரக்கத்தின் பெயரால் பொய்ச் சான்று எழுதித் தராதீர்கள். பொய் சாட்சி பெரும் பாவம். நம் ஏடுகளில் ஒரு பொய் ஏறினால் மெய் சொல்வோரின் சான்றும் மதிப்பிழந்து போகும். ஊர்விலக்கு என்ற ஆயுதத்தை எடுக்கும்முன், எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்பளிக்க மறுத்த நஜாஷி மன்னரை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே! பிள்ளைகளின் காதில் விழும்படி அண்டை வீட்டாரை அகதி என்றும் வந்தேறி என்றும் பேசாதீர்கள். அவரவர் பெயரைச் சொல்லியே அழையுங்கள்.

நாம் அனைவரும் இவ்வுலகில் தவணை வாங்கித் தங்கியிருப்பவர்களே. புறப்படு என்ற ஆணை எவருக்கு எப்போது வரும் என்பதை அவனே அறிவான். அந்நாளில் நமக்கு அபயம் அளிக்க வேண்டியவன், இன்று நம் வாசலில் அபயம் கேட்டு நிற்பவரிடம் நாம் நடந்துகொள்ளும் முறையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். அதிகாரம் பெரிதாயினும் சிறிதாயினும் அதை அமானத்தாகக் கருதி நடக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.