தெரியாது எனும் சொல்

கற்றறிந்தவர் "தெரியாது" என்று கூறுவது அறிவுக்கு இழுக்கா, அணியா? இவ்வினாவுக்கு வானம் ஒரு விடை அளித்துள்ளது.

எக்ஸ் கதிர்களைப் பூமியின் காற்று மண்டலம் தடுத்துவிடும். ஆதலின் அவற்றைக் காணும் தொலைநோக்கி விண்வெளியில் இயங்க வேண்டும். 1999ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் அத்தகைய தொலைநோக்கி ஒன்றை ஏவி, அதற்குச் 'சந்திரா' எனப் பெயர் சூட்டியது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983இல் நோபல் பரிசு பெற்ற தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக அமைந்த பெயர் அது.

2014 அக்டோபரில், முன்பு எதுவும் புலப்படாத ஓரிடத்தில் 'சந்திரா' புதியதோர் எக்ஸ் கதிர் ஒளியைக் கண்டது. அவ்வொளி சில மணி நேரத்தில் ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகி, ஏறத்தாழ ஒரே நாளில் மங்கி மறைந்தது. அது புறப்பட்ட அண்டம் மிகத் தொலைவிலுள்ளது. ஒளி இங்கு வந்து சேரவே ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

விண்மீன் ஒன்று வெடித்ததா? நியூட்ரான் விண்மீனும் கருந்துளையும் ஒன்றுகலந்தனவா? கருந்துளையொன்று வெண்குறுமீனைக் கிழித்ததா? இவற்றையெல்லாம் ஆராய்ந்த அறிஞர்கள், எந்த விளக்கமும் முழுமையாகப் பொருந்தவில்லை என்று 2017இல் வெளிப்படையாக எழுதினர். ஆய்வு அதன் பின்னரும் தொடர்ந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டென இளைஞர் சந்திரசேகர் கணித்தார். 1935இல் லண்டனில் அவர் அதனை எடுத்துரைத்தபோது, புகழ்பெற்ற எடிங்டன் எழுந்து எள்ளி நகையாடினார். இயற்கை இப்படி நடவாது என்பது தமக்குத் தெரியும் என அப்பேரறிஞர் எண்ணியதே பிழையாயிற்று. பிற்காலம் சந்திரசேகரின் கணிப்பையே ஏற்றது.

பக்தர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. "விஞ்ஞானத்துக்கு விளங்காதது, ஆகவே இது தெய்வச் செயல்" என்று உடனே முடிவு கட்டும் வழக்கம் நம்மிடையே உள்ளது. நாளை அதற்குக் காரணம் தெரிந்துவிட்டால், தெய்வம் அவ்விடத்தை விட்டு அகன்றுவிடுமோ? அனைத்துள்ளும் அந்தர்யாமியாக உறைபவன் என எம்பெருமானைப் போற்றுவோர், விளங்காத மூலைகளில் மட்டும் அவனைத் தேடுவது முறையன்று. விளங்கியதிலும் அவனே உளன்.

பொதட்டூர்பேட்டை நெசவாளர்கள் வாழும் ஊர். பாவில் ஓர் இழை அறுந்தால் நேர்மையான நெசவாளர் தறியை நிறுத்துவார். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சிடுவார். காணாதவர் போல் நெய்துகொண்டே போனால், அக்குறை துணியின் நீளம் முழுவதும் ஓடும். "தெரியாது" என்பது தறியை நிறுத்தும் அந்த ஒரு கணம். நிறுத்தியவரே இழையைத் தேடுவார், தேடுபவரே காண்பார். எனவே அச்சொல் அறிவுக்கு இழுக்கன்று, அணியே.