காத்துக் கெடுத்த மட்டை

ஆளி விதை எண்ணெயின் மணத்தை ஒருமுறை அறிந்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. ஓவியர்களின் கூடங்களிலும் பழைய தச்சுப் பட்டறைகளிலும் வீசும் மணம் அது. எங்கள் மயிலாப்பூர் வீட்டில் அந்த மணம் இருபது ஆண்டுகளாக ஓர் அலமாரிக்குள் குடியிருந்தது. உள்ளே, பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டு, என் அண்ணனின் கிரிக்கெட் மட்டை கிடந்தது.

ஒரு பொருளைக் காப்பது என்றால் என்ன? இந்த வினாவை என்னுள் எழுப்பியது அந்த மட்டைதான். கேட்பதற்கு எளிய வினா. விடை சொல்ல எனக்கு நெடுநாள் ஆயிற்று. அவ்விடையைக் கண்டடைந்த கதையில் எனக்குப் பெருமை ஏதும் இல்லை. எனினும் நம்மில் பலருடைய வீடுகளிலும் இத்தகைய அலமாரி ஒன்று இருக்கக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் மட்டையின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். அதன் தட்டைப் பகுதி வில்லோ என்னும் மரத்தால் ஆனது. இங்கிலாந்தின் ஈரமான நிலங்களில் வளரும் வெள்ளை வில்லோவே சிறந்ததாகக் கருதப்படுகிறது. நம் நாட்டில் காஷ்மீரத்து வில்லோ பெருவழக்கு. மரம் பருத்து வெட்டுக்கு வரப் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாது. எடை குறைந்த, இழை மென்மையான மரம் அது. இயந்திரத்தில் வைத்து அழுத்தி அதன் முகத்தை இறுக்குவார்கள். பிரம்பினால் ஆன கைப்பிடி, ஆப்பைப் போல மரத்துக்குள் இறங்கிப் பசையால் பிணைந்து நிற்கும்.

வெட்டி அறுத்த பின்னும் இம்மரம் ஈரத்தை உள்வாங்குவதையும் வெளிவிடுவதையும் நிறுத்துவதில்லை. அளவான ஈரம் அதற்குத் தேவை. கத்தரி வெயிலில் மூடிய காருக்குள் கிடந்தால் உலர்ந்து வெடிக்கும். ஐப்பசி மழையில் ஈரத்தரையில் ஊன்றி நின்றால் அடிமுனை நீர் குடித்து ஊதிப் பிளக்கும். கடற்காற்று வீசும் சாந்தோமிலும் அடையாற்றிலும் மட்டை வைத்திருப்பவர் இவ்விரண்டையும் அஞ்ச வேண்டும். இதற்காகவே எண்ணெய் இடுகிறார்கள். காய்ச்சாத ஆளி விதை எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு, முகத்திலும் விளிம்புகளிலும் அடிமுனையிலும் பின்புறத்திலும் படலம் போலத் தடவ வேண்டும். கைப்பிடி இறங்கும் இடத்தில் தடவலாகாது; பசை இளகும். தடவிய பின் ஓர் இரவு படுக்கை வாட்டில் வைத்து, மறுநாள் துடைத்துவிட வேண்டும். புதிய மட்டைக்கு இரண்டு மூன்று முறை. பிறகு ஆட்டக் காலத்துக்கு ஒருமுறை போதும். ஒரு தடவைக்குச் சில தேக்கரண்டிகூட மிகுதிதான்.

எண்ணெய் ஊறிய பின் தட்டிப் பதப்படுத்தும் வேலை. மரத்தாலான கொட்டாப்புளியால் முதலில் மெதுவாகவும் பிறகு சற்று ஓங்கியும் பல மணி நேரம் தட்டினால்தான் மேற்பரப்பின் இழைகள் இறுகி, தோல் பந்தைத் தாங்கும். இதையே உவமையாக்கி, துன்பம் மனிதரைப் பதப்படுத்துகிறது என்று சொல்வோர் உண்டு. அந்த உவமையை நான் கையாளப் போவதில்லை. மகனை இழந்த என் தாயின் முன் நின்று அதைச் சொல்ல எனக்கு எந்நாளும் துணிவு வந்ததில்லை.

அண்ணன் அந்த மட்டையை 1984ஆம் ஆண்டு தன் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கினார். நான் மேலே சொன்னவை அனைத்தும் அவர் எனக்குக் கற்றுத் தந்தவை. மாலை வேளைகளில் மொட்டை மாடியில் அமர்ந்து அவர் தட்டும் ஓசை தெருமுனை வரை கேட்கும். ஐந்து ஆண்டுகள் அதைக் கொண்டு ஆடினார். 1989இல் மஞ்சள் காமாலை கண்டு பதினேழே நாள்களில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

மட்டை என் பொறுப்பாயிற்று. ஒவ்வொரு மாதமும் அவர் இறந்த தேதியில் அதை எடுப்பேன், எண்ணெய் தடவுவேன், மீண்டும் சுற்றி வைப்பேன். ஆட்டக் காலத்துக்கு ஒருமுறை என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆயினும் அதிகமாகச் செய்வதே அதிக அன்பு என்று எண்ணினேன்.

1997ஆம் ஆண்டு, எங்கள் தெருவில் துணி தேய்த்துக் கொடுப்பவரின் மகன் ஒரு நாள் வாசலில் வந்து நின்றான். பதினான்கு வயதிருக்கும். தியாகராய நகர்ச் சோமசுந்தரம் மைதானத்தில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவன். ஒரே திடலில் பல ஆட்டங்கள் ஒன்றன்மீது ஒன்றாக நடக்கும் இடம் அது. ஒருவர் ஆட்டத்தின் தடுப்பாளர் அருகிலேயே மற்றோர் ஆட்டத்தின் பந்து வீச்சாளர் ஓடி வருவார். அங்கே ஆடியவனுக்கு முதன்முறையாகத் தோல் பந்து ஆட்டம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் நல்ல மட்டை இருக்கிறதென்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“சார், ஒரே ஒரு மேட்ச் சார். ஞாயித்துக்கெழம சாயங்காலமே கொண்டாந்து குடுத்துர்றேன்.”

“அது யாருக்கும் கொடுக்கிற மட்டை இல்லப்பா,” என்றேன்.

அவன் மறுபடி கேட்கவில்லை. “சரி சார்” என்று சொல்லிப் போய்விட்டான். அண்ணனின் நினைவுக்கு உண்மையாக நடந்துகொண்டேன் என்ற நிறைவோடு நான் கதவைச் சாத்தினேன்.

2009இல் வீட்டைப் பழுது பார்க்க வந்த முதிய தச்சர் ஒருவர் அலமாரியைத் திறந்தபோது மட்டையைக் கண்டார். இளமையில் விளையாட்டுப் பொருள் கடையொன்றில் மட்டைகளைச் செப்பனிட்டவர் அவர். கையில் எடுத்து எடை பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். பிறகு தம் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினார். ஈரச்சுவரில் தட்டுவது போல மழுங்கிய ஓசை எழுந்தது.

“எண்ணெய் ரொம்பக் குடிச்சிருக்கு சார். மரம் கனத்துப் போச்சு. இனிமே பந்து இதுல பட்டா எழும்பாது. யாரும் ஆடலையா இத வெச்சு?”

இல்லை என்றேன்.

“ஆடியிருந்தா உடைஞ்சிருக்கும். ஆனா மட்டையா இருந்திருக்கும்.”

அவர் குற்றம் சாட்டும் எண்ணத்தோடு சொல்லவில்லை. தொழில் அறிந்தவரின் கணிப்பு அது. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தச்சரின் சொல்லை நான் பலவாறாக மறுத்துப் பார்த்தேன். அந்த மறுப்புகளை இங்கே நேர்மையாக வைப்பது முறை.

முதல் மறுப்பு: நினைவுப் பொருளும் ஒரு பயன்தானே? எல்லாப் பொருளும் தேய்ந்துதான் தீர வேண்டுமா? தாயின் திருமணச் சேலையை மகள் பெட்டியில் வைத்திருக்கிறாள். அதை அன்றாடம் உடுத்து என்று யாரும் சொல்வதில்லை. இம்மறுப்பில் நியாயம் உண்டு. அண்ணனின் நினைவாகவே மட்டையை வைத்திருந்தேன் என்றால், சுவரில் மாட்டிவைத்து அவ்வப்போது தூசி துடைத்திருந்தால் போதும். எண்ணெய் எதற்கு? எண்ணெய் என்பது ஆடப் போகும் மட்டைக்கு இடுவது. நாளை களம் இறங்கும் மட்டைக்குச் செய்யும் பணிவிடையைச் செய்துகொண்டு, அதைக் களத்துக்கு விடவும் மறுத்தேன். உண்மையில் நான் பேணியது மட்டையை அன்று, என் துயரத்தை. அந்தத் துயரம் வற்றிவிடக் கூடாதே என்று மாதந்தோறும் எண்ணெய் வார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் மறுப்பு: கொடுத்திருந்தால் உடைந்திருக்குமே? ஆம், உடைந்திருக்கலாம். ஆனால் இந்த ஆட்டமே உடையக்கூடிய ஒன்றை அறிந்து தேர்ந்துகொண்டிருக்கிறது. 1979ஆம் ஆண்டு டிசம்பரில் பெர்த் நகரில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு களமிறங்கினார். அது பந்தின் தோலைச் சிதைக்கிறது என்று இங்கிலாந்து அணித்தலைவர் பிரியர்லி முறையிட்டார். லில்லி மர மட்டைக்கு மாற வேண்டியதாயிற்று. அடுத்து வந்த விதித்தொகுப்பில், மட்டையின் தட்டைப் பகுதி மரத்தாலேயே இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. 2021இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மூங்கிலால் மட்டை செய்து, அது வில்லோவைவிட உறுதியானது என்று காட்டியபோதும், மூங்கில் புல்லினம் என்பதால் அன்றைய விதி அதை ஏற்கவில்லை. வளையாத, தேயாத மட்டையை உண்டாக்குவது மனிதருக்கு அரிதன்று. ஆனால் பந்துக்கும் மட்டைக்கும் இடையே ஒரு நீதி வேண்டியிருக்கிறது. எதிரில் வருவதைச் சிதைக்காத அளவுக்கே உறுதி. அதற்கு விலையாகத் தானும் சிறிது தேய்தல். இப்படித் தேய்வது மரத்தின் குறையாகாது. அந்த ஆட்டத்துக்குள் அது நுழைவதற்கான நிபந்தனை.

மூன்றாம் மறுப்பே கடினமானது: மட்டை என்னுடையது. கொடுப்பதும் மறுப்பதும் என் உரிமை. ஒரு சிறுவன் கேட்டான் என்பதற்காக அவனுக்கு என்மீது உரிமை வந்துவிடுமா? சட்டம் என் பக்கமே நிற்கும். ஆனால் வள்ளுவர், தானும் துய்க்காமல் பிறர்க்கும் ஈயாமல் கிடக்கும் பொருளைப் பற்றிப் பேசவே ‘நன்றியில் செல்வம்’ என ஓர் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தூய தாமஸ் அக்குவினாஸ் இதையே இரண்டாகப் பிரித்துக் காட்டினார். பொருளை ஈட்டவும் பொறுப்பேற்று நிருவகிக்கவும் மனிதனுக்கு உரிமை உண்டு. பயன்படுத்துவதைப் பொறுத்தமட்டில், தேவையுற்றவரோடு மனமுவந்து பகிரத்தக்க பொதுப் பொருளாகவே அதைக் கொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. மேலோட்டமாகப் பார்த்தால் இது உரிமையைக் குறைப்பது போலத் தோன்றும். எனக்கு இது உரிமையின் பொருளை விளக்கியது. மட்டையை எப்போது எண்ணெயிடுவது, எங்கே வைப்பது, யாரிடம் எந்த எச்சரிக்கையோடு ஒப்படைப்பது என்பதெல்லாம் என் பொறுப்பு. அது யாருக்கும் பயன்படாமல் மடிவது என் உரிமைக்குள் அடங்காது.

இதற்குச் சான்று தேடி நான் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 1516இல் எழுந்த பிரகாச மாதா ஆலயத்தால் லஸ் என்று பெயர் பெற்ற எங்கள் பகுதியில்தான் புச்சி பாபு நாயுடு வாழ்ந்தார். 1846இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் அன்று ஐரோப்பியருக்கு உரியது. இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் உடை மாற்ற வேண்டியிருந்ததைக் கண்டு மனம் பொறாத அவர், 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். செல்வர் வீட்டுப் பிள்ளையான அவர் தம் வீட்டளவில் ஆடி மகிழ்ந்திருக்கலாம். அவர் திறந்துவிட்ட வாயில் வழியேதான் இந்த ஆட்டம் காலப்போக்கில் இந்நகரத்துத் தெருக்கள் வரை வந்து சேர்ந்தது. அதே மயிலாப்பூரில் ஒரு வாயிலை நான் மூடினேன்.

ஒரு பொருளுக்கு நாம் தீங்கு இழைக்க முடியுமா? மரத்துக்கு நோவு இல்லை; என் எண்ணெயால் மட்டை துன்புறவில்லை. துன்புற்றவன், துன்பம் என்று சொல்லாமலே திரும்பிப் போன அந்தச் சிறுவன். அவன் அந்த ஞாயிற்றுக்கிழமை எந்த மட்டையோடு ஆடினான், ஆடினானா என்பதே எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே அக்குடும்பம் வேறு பகுதிக்குப் பெயர்ந்துவிட்டது. பொருள்மீது மிகுந்த கவனம் வைத்திருந்தேன். வாசலில் நின்ற மனிதனைக் கவனிக்கவில்லை. பேணுதலின் முதல் சோதனை இதுதான் என்று இன்று நினைக்கிறேன்: நான் காக்கும் பொருள் பிறர் முகத்தை எனக்குக் காட்டுகிறதா, மறைக்கிறதா?

அண்ணனின் மட்டை இப்போது கூடத்துச் சுவரில் இருக்கிறது. அதற்கு எண்ணெய் இடுவதில்லை. அது இனி நினைவுப் பொருள். அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்து வில்லோ மட்டை ஒன்று வாங்கினேன். மொட்டை மாடியில் அமர்ந்து தட்டத் தொடங்கினேன். ஓசை கேட்டுத் தெருப்பிள்ளைகள் மேலே வந்தார்கள். என் கை ஓய்ந்தபோது கொட்டாப்புளியை வாங்கி முறை வைத்துத் தட்டினார்கள். அடிமுனையைத் தரையில் ஓங்கிக் குத்தாதீர்கள் என்று மட்டும் சொல்லி ஒப்படைத்தேன். அது எந்த வீட்டில் இரவு தங்குகிறது என்று நான் விசாரிப்பதில்லை.

சென்ற வாரம் வெளி விளிம்பில் ஒரு விரல் நீளக் கீறலோடு திரும்பி வந்தது. கொண்டுவந்த பையன் தலை கவிழ்ந்து நின்றான். திட்டு விழும் என்று அஞ்சியிருப்பான்.

“எவ்வளவு அடிச்சே?” என்று கேட்டேன்.

“முப்பத்தொண்ணு தாத்தா.”

பசை தடவி, நூல் சுற்றி, சுற்றியது இறுகும்வரை இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.