விலக்குதலும் துறத்தலும்

ஒரு பொருளை உண்ணாதிருப்பதும் அதனைத் துறப்பதும் ஒன்றுதானா? புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. உண்கலத்தில் அப்பொருள் இல்லை என்பது மட்டுமே பிறர் கண்ணுக்குப் புலப்படும். ஆயினும் நம் ஆசாரியர்கள் இவ்விரண்டையும் வேறு வேறாகவே கண்டனர். தசலட்சண பருவத்தில் நெய்யையோ உப்பையோ இனிப்பையோ விடுவதாக உறுதி ஏற்கும் நம் இல்லத்தார் இவ்வேற்றுமையை உள்ளவாறு அறிதல் நலம்.

பிற சமயத்தார் வழக்கம் ஒன்றிலிருந்து தொடங்குவோம். கிறித்துவ அன்பர்கள் சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை, ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக, 40 நாள்களைத் தவக்காலமாகக் கொள்கின்றனர். அந்நாள்களில் விருப்பமான உணவு ஒன்றை விடுவது அவர்களுள் பலரது மரபு. அண்மைக் காலத்தில் மேலை நாடுகளில் சிலர் குளூட்டன் உள்ள உணவுகளையே இந்நாள்களில் விட்டுவிடுகின்றனர். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள பசைத்தன்மை மிக்க புரதம். பிசைந்த மாவு இழுபடுவதும், ரொட்டி உப்பி எழுவதும் அதனாலேயே. நீலகிரி வாழ் மக்கள் தேநீரோடு விரும்பி உண்ணும் வர்க்கியும் அந்த மாவினால் ஆனதே. இவற்றை 40 நாள் விடுவது எளிதன்று.

ஆனால், விட்டவர் பலர் மறுநாளே மாற்று ஒன்றைக் கண்டுபிடித்து விடுகின்றனர். பாதாம் பருப்பை அரைத்தும் அரிசி மாவைக் கலந்தும், கோதுமை மாவே இல்லாமல் கேக் சுடுகின்றனர். இது புதிய உத்தியும் அன்று. தவக்காலத்தில் பால் விலக்கப்பட்டிருந்த இடைக்கால ஐரோப்பாவில், செல்வர் வீடுகளில் பாதாம்பால் கொண்டு பாற்சுவை குன்றாமல் சமைத்தனர்.

இதனைக் கண்டு நகைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. ஒருபொழுது என்று கூறிச் சோற்றை விட்டு, அதே அரிசியில் செய்த இட்லியை வயிறு நிறைய உண்ணும் வழக்கம் தமிழகத்து வீடுகளில் இல்லையா? இனிப்பை விட்டவருக்காகப் பேரீச்சம்பழத்தில் அல்வா கிளறுவதில்லையா? விரதம் ஏற்றவர் ஒருவர். அவருக்கு மாற்றுப் பலகாரம் செய்ய அடுப்படியில் இரு மடங்கு நேரம் நிற்பவர் அவ்வீட்டு மருமகள். அப்பெண்ணின் உழைப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

இங்கு ஓர் ஐயம் எழலாம். நோயின் காரணமாகக் கோதுமையை நீக்கியவர் செய்வதும் குற்றமா? அன்று. குளூட்டன் சிலர் குடலைப் புண்படுத்தும். அந்நோய்க்குச் சீலியாக் என்று பெயர். 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் நேர்ந்து ரொட்டி கிடைக்காதபோது, இந்நோயுற்ற குழந்தைகள் உடல் தேறியதை வில்லம் டிக்கே என்னும் மருத்துவர் கருத்திற் கொண்டார். கோதுமையே அந்நோயைத் தூண்டுகிறது என்பதை 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார். அத்தகைய குழந்தைக்குக் கோதுமை இல்லாத கேக் சுட்டுத் தருவது தாயின் கருணை, மருந்துக்கு ஒப்பானது. ஆனால் அது நோன்பு ஆகாது. மேலும், அரிசி, கேழ்வரகு, தினை, சாமை ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. இட்லியும் புட்டும் இடியாப்பமுமே உண்டு வாழ்ந்த நம் பாட்டிமார் குளூட்டன் உண்ணாமலே பல நாள் கழித்தனர். அதனால் அவர்கள் எதையும் துறந்தவர் ஆகார்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனைத் தெளிவாக வரையறுத்துள்ளார். உடலுக்குத் தீங்கானதை விட வேண்டும். சான்றோர்க்கு ஒவ்வாததையும் விட வேண்டும். ஆனால் தகுதியான பொருளை, மனம் அறிந்து, உறுதியோடு விடுவதே விரதம் என்பது அவர் கருத்து. அந்நூலைத் தழுவி எழுந்த அருங்கலச்செப்பைப் பயின்ற நம் குடும்பத்தார்க்குப் போகோபபோக பரிமாணம் என்னும் சொல் புதிதன்று.

தெப்பக்காட்டில் மாயாற்றங்கரையிலுள்ள யானைகள் முகாமில் உணவு வழங்கும் வேளையில் நாம் நின்று கண்டதுண்டு. வேகவைத்த கேழ்வரகு, கொள்ளு, சோறு ஆகியவற்றோடு வெல்லமும் உப்பும் சேர்த்துப் பெரிய கவளங்களாக உருட்டி, பாகர்கள் யானையின் வாயில் ஊட்டுகின்றனர். வயதையும் உடல்நிலையையும் நோக்கி அளவு வகுப்பவர் கால்நடை மருத்துவர். ஒரு யானைக்கு வெல்லம் ஆகாது என்று அவர் நிறுத்தினால், அந்த யானை வெல்லத்தைத் துறந்தது என்போமா? அதன் வாய்க்கு வெல்லம் எட்டவில்லை, அவ்வளவே.

யானையால் விரதம் ஏற்க இயலாது என்பதும் இதற்குப் பொருளன்று. பார்சுவநாதரின் முற்பிறவி வரலாற்றை நினைவு கூர்க. மருபூதி என்பவன் வச்சிரகோஷம் என்னும் காட்டு யானையாகப் பிறந்து, அரவிந்த முனிவரின் அறவுரை கேட்டு அணுவிரதம் பூண்டது. சுற்றிலும் பசுந்தழை செழித்திருக்க, அது பிற யானைகள் முறித்துப் போட்ட கிளைகளையும் உலர்ந்த சருகுகளையும் உண்டது. பிற விலங்குகள் கலக்கிய நீரையே பருகியது. அதற்கு அளவு வகுத்தவர் எவரும் இல்லை. அதுவும் மாற்று உணவையே உண்டது என்பது உண்மை. ஆனால் பசுந்தழையின் சுவையை அது சருகில் தேடவில்லை. தவத்திற்கும் தந்திரத்திற்கும் இடையே உள்ள தூரம் இதுவே.

சமந்தபத்திரர் இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களையும் கூறியுள்ளார். முன்னர்த் துய்த்த இன்பத்தை எண்ணி எண்ணி மகிழ்தலும், இனி வரப்போவதற்கு ஏங்குதலும் அவற்றுள் அடங்கும். விட்ட பொருளின் வடிவத்தையும் மணத்தையும் சுவையையும் வேறொன்றில் வருந்தி உண்டாக்குவது, அப்பொருளை நாள்தோறும் நினைவில் வைத்துப் போற்றுவதன்றி வேறென்ன? நாக்கு விட்டதை நெஞ்சு விடவில்லை.

ஆசிரியப் பயிற்சியின்போது நமக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் இடாதே. மாணவன் அவ்விடைக்கு வந்த வழியைப் பார் என்பர். இரு மாணவர் விடை ஒன்றாயிருக்கும். ஒருவன் கணக்கிட்டிருப்பான், மற்றவன் பார்த்து எழுதியிருப்பான். வெறுங்கலமும் அத்தகைய விடையே.

அப்படியாயின், நம் போன்ற முதியோர்க்கு வழி யாது? எழுபது வயதைக் கடந்த நம்மில் பலருக்குச் சர்க்கரையையும் உப்பையும் மருத்துவரே நிறுத்திவிட்டார். விடுவதற்கு இனி என்ன இருக்கிறது என்று தோன்றும். இருக்கிறது. பொருள் போன பின்னும் அதன்மேல் உள்ள ஏக்கம் நம்மிடம் எஞ்சியிருக்கிறது. பேரனின் தட்டிலுள்ள இனிப்பைக் கண்டு பெருமூச்சு விடுவதும், பத்தியச் சோற்றை மருமகள்முன் குறை கூறுவதும் நம் கையில் உள்ளவை. அவற்றை இத்தனை நாள் என்று காலம் வகுத்து விட்டால் நியமம். வாழ்நாள் முழுதும் விட்டால் இயமம். மருத்துவர் விலக்கியதை நாம் துறப்பதற்கு இதுவே வழி.

வரும் பருவத்தில் உறுதி ஏற்குமுன் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். விடும் பொருள் நமக்குத் தகுதியானதும் விருப்பமானதுமா? விட்ட இடத்தை வேறொரு சுவையால் நிரப்பப் போகிறோமா? நம் நோன்பு வீட்டில் வேறொருவர் தோளில் சுமையாக ஏறுமா? இவற்றுக்கு நேர்மையாக விடை கண்டபின் ஒரே ஒரு பொருளை, ஒரே ஒரு நாள் விடினும் போதும். அந்நாளில் மிஞ்சுவது ஆகார தானமாகப் பசித்தவர் கலத்தில் சேரட்டும்.

அறம் வளர்க!