வாசலுக்கு வாடகையா?

காசு கொடுத்து கேம் வாங்கிவிட்டீர்கள். கம்ப்யூட்டர் உங்களுடையது. இன்டர்நெட் பில்லும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ஆன்லைனில் நண்பனோடு சேர்ந்து ஆடுவதற்கு மட்டும் தனியாகச் சந்தா கேட்டால்? 'இதென்னய்யா அநியாயம்!' என்பீர்கள்.

2007-ல் மைக்ரோசாஃப்ட் கேட்டது. 'கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்' சேவையில் முழு வசதியோடு சேர்ந்து ஆட வருஷத்துக்கு 50 டாலர். எக்ஸ்பாக்ஸில் 2002 முதல் வாங்கிப் பழகிய காசு. கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் மசியவில்லை. 2008 ஜூலையில் இலவசமாக்கிவிட்டார்கள்.

கஞ்சத்தனமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 2004-ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டுக்கு மாதம் 15 டாலர் வரை லட்சக்கணக்கான பேர் கட்டினார்கள், அதே கம்ப்யூட்டரில். அங்கே ஒரு முழு உலகத்தையே கம்பெனி ராப்பகலாக நடத்துகிறது. 1996-ல் வந்த துப்பாக்கி ஆட்டமான 'க்வேக்'கிலோ, எல்லோரையும் இணைக்கும் சர்வரை ஆடுகிறவர்களே நடத்திக்கொண்டார்கள். உழைத்தவனுக்குக் கூலி சரி. வாசலை மறித்து நிற்பவனுக்கு எதற்கு?

சந்தா இல்லாவிட்டால் எல்லாம் நியாயம் என்றும் ஆகிவிடாது. யூபிசாஃப்டின் கார் பந்தய ஆட்டம் 'தி க்ரூ' மாதச் சந்தா கேட்கவில்லை. 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களால் தனியாகக்கூட ஆட முடியவில்லை. க்வேக்கை இன்றைக்கும் ஆடலாம்.

ஆகவே யாராவது சந்தா கேட்டால் 'எவ்வளவு?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'எந்த வேலைக்கு? நீ கடையைக் கட்டினால் சாவி யார் கையில்?' என்றும் கேளுங்கள்.