முதல் ஆசிரியரும் பிணவறை அண்ணனும்

நான் தமிழ் படித்தவன். உடற்கூறு தெரியாது. ஆனால் அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசல் நன்றாகத் தெரியும். வெட்டுப்பட்டுச் செத்த நம் ஆட்களின் உடலை வாங்க அங்கே எத்தனையோ ராத்திரி நின்றிருக்கிறேன். அங்கிருந்து வந்த கேள்விதான் இது: மருத்துவருக்கு அறத்தைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியும் என்றால், எங்கிருந்து தொடங்குவது?

இந்திய மருத்துவக் கவுன்சில் 2018இல் 'ஏட்காம்' என்ற பாடத் தொகுப்பை வெளியிட்டது. மனப்பாங்கு, நெறி, நோயாளியிடம் பேசும் முறை ஆகியவற்றைப் பயிற்றுவிக்கும் 27 பாடங்கள். 2019இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. முதலாண்டுப் பாடங்களில் ஒன்று, பிணத்தை நமது முதல் ஆசிரியர் என்கிறது. மேசைமேல் கிடக்கும் உடலின் முன் நின்று, மரியாதை காப்போம் என்று மாணவர்கள் உறுதிமொழி எடுக்கும் வழக்கமும் பல கல்லூரிகளில் உண்டு.

நல்ல காரியம். நக்கல் பண்ண நான் வரல. ஆனா கேக்கணும்: யாரு அந்த ஆசிரியர்? தானமாக வரும் உடல்கள் உண்டு. அதுபோக, உடற்கூறியல் சட்டங்களின்படி கல்லூரிக்குப் போவது யாரும் உரிமை கோராத உடல். பிளாட்பாரத்தில் படுத்தவர், பிழைக்க வந்த ஊரில் செத்தவர், சேதி போயும் தூக்கிப்போகக் காசில்லாத வீட்டுக்காரர். உயிரோடு வார்டில் கிடந்தபோது 'ஏய், தள்ளிப் படு' என்று கேட்டவர், செத்த பிறகு ஆசிரியர் ஆகிறார். பேசாத உடலுக்கு மரியாதை செய்வது சுலபம். அது திருப்பிக் கேள்வி கேட்காது.

அந்த அறையில் பேசக்கூடிய ஓர் ஆள் இருக்கிறார். பல அரசுப் பிணவறைகளில் உடலைத் திறப்பதும் தைப்பதும் கழுவுவதும் பிணவறை ஊழியர்தான். டாக்டர் பார்த்து எழுதுவார். அந்த ஊழியர் பெரும்பாலும் நம் தெருக்காரர். ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார்: "நான் அறுத்துக் காட்டுனதப் பாத்துத்தான் தம்பி எத்தனையோ டாக்டருங்க படிச்சுப் போனாங்க. ஒருத்தரும் எம்பேரக் கேட்டதில்ல." மருத்துவக் குழுவில் சேர்ந்து வேலை செய்வது பற்றியும் இந்தத் தொகுப்பில் ஒரு பாடம் இருக்கிறது. அந்தக் குழுவில் இந்த அண்ணன் உண்டா?

இது இன்று முளைத்த வியாதி இல்லை. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்தார். உயர்சாதிக்காரர் பிணத்தைத் தொட்டார் என்பதால் அது புரட்சி. கோட்டையில் பீரங்கி முழங்கியதாகக்கூடச் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிணம் தூக்கி, குழி வெட்டி, சிதை மூட்டியவனுக்கு எந்தப் பீரங்கி முழங்கியது? அவன் தொட்டால் தீட்டு. இவர் தொட்டால் விஞ்ஞானம்.

அந்தத் தீட்டு இன்னும் வெள்ளைக் கோட்டுக்குள் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பிலும் ஒதுக்கப்படுவதை 2007இல் தோரட் குழு அறிக்கை எழுதியது. 2019 மே 22 அன்று மும்பை நாயர் மருத்துவமனையில் பயிற்சியிலிருந்த ஆதிவாசி மருத்துவர் பாயல் தட்வி தற்கொலை செய்துகொண்டார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று குடும்பம் புகார் கொடுத்தது. சீனியர் மருத்துவர்கள் மூன்று பேர் கைதானார்கள். நெறிப்பாடம் வகுப்புக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். 27 பாடங்களின் தலைப்புகளில் சாதி என்ற சொல்லைக் காணோம். எல்லோரையும் சமமாக நடத்து என்று பொதுவாகச் சொன்னால் போதாதா என்கிறார்கள். நோயின் பேரைச் சொல்லாமல் மருந்து எழுதுகிற டாக்டர் உண்டா?

"ஒழுக்கம் வளர்ப்புல வரணும், வகுப்புல வராது" என்று சில தோழர்களே சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாதி ரத்தத்தில் வரவில்லை. டீக்கடை டம்ளரிலும் தண்ணீர்க் குழாயடியிலும் கோயில் வாசலிலும் தினம் தினம் சொல்லிக் கொடுத்துத்தான் வந்தது. சொல்லிக் கொடுத்து வந்ததைச் சொல்லிக் கொடுத்தே போக்க முடியும். அதனால் அறப்பயிற்சி வேண்டாம் என்று நாம் சொல்லக்கூடாது. அது இரக்கத்தைப் பயிற்றும் பாடமாக நின்றுவிடக் கூடாது என்றுதான் சொல்ல வேண்டும். இரக்கம் மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குப் போடுவது. மரியாதை எதிரெதிரே உட்கார்ந்து கொடுத்து வாங்குவது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இது. பாடத்தில் சாதியைப் பேர் சொல்லி எழுதுங்கள். பாயல் தட்விக்கு நேர்ந்ததை முதலாண்டிலேயே விவாதியுங்கள். உறுதிமொழி எடுக்கும் நாளில் பிணவறை அண்ணனை நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர் பேரைக் கேட்டு, ஒரு மணி நேரம் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். மாணவர்கள் குறிப்பெடுக்கட்டும்.